ஆறுமணிக்குருவிக்கு எந்த ஊர்?

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பைத் தமிழர்களிடம் ஒரே கேள்விதான். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கும்போதும், செம்பூர் முருகன் கோயிலில் படியேறும்போதும், லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போதும், "ஊருக்கு எப்போ?" தாதரில் திருநெல்வேலி வண்டிக்கு டிக்கெட் கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி. பதினெட்டு வருஷமாக நானும் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லி வந்தவன்தான். போன வருஷம் மட்டும், "இந்தத் தடவை தெற்கே இல்லைங்க, வடக்கே. குமாவுன் மலைக்கு. பறவை பார்க்க" என்றேன்.

கேட்டவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பறவை பார்க்கவா? எங்க ஏ.சி. பெட்டி மேல பத்துப் புறா குடும்பம் நடத்துது. வந்து பார்த்துட்டுப் போங்க, செலவு மிச்சம்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

பறவைப் பைத்தியம் என் மகளிடமிருந்து தொடங்கியது. அவள் பள்ளியிலிருந்து ஒரு நாள் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். தாராவி பஸ் டிப்போ பக்கம், மித்தி ஆற்றை ஒட்டி 37 ஏக்கர் காடு. காடு என்றுதான் சொல்ல வேண்டும். முன்பு ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய மேடு அது. மண் போட்டு, மரம் வைத்து, 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போன தலைமுறை இன்னும் இருக்கிறது. இன்றைக்கு அங்கே மீன்கொத்தியும் தேன்சிட்டும் பார்க்கலாம். அன்றிலிருந்து இவளுக்குப் பிறந்தநாள் பரிசு என்றால் பைனாகுலர், விடுமுறை என்றால் சிவ்ரி சேற்றுத்திட்டில் பூநாரை. பூநாரை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் காட்கோபர் பக்கம் விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் செத்து விழுந்தன. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

இந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணம் அப்பா. அம்மா போனபிறகு, மூன்று வருஷமாக அவர் எங்களோடு செம்பூரில் இருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டுப் புறக்கடையில் நின்றால் பொதிகை மலை தெரியும். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. ஓடு சரிந்து, பட்டாசாலையில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி ஒரு பார்ட்டியைப் பிடித்துவிட்டான். நல்ல விலை. அப்பா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பத்திர நகல் ஒரு பழுப்பு உறையில் நாலு மாதமாக அவர் அலமாரியில் இருந்தது. "போடுறேன்" என்றும் சொல்லவில்லை, "போடமாட்டேன்" என்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

மும்பையில் அப்பாவுக்கு இருக்கும் ஒரே துணை தாராவி மாமா. சொந்தத்தில் மாமா இல்லை, அப்பாவின் பள்ளித் தோழர். பதினேழு வயதில் ரயிலேறி வந்து, தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக பெல்ட், பர்ஸ் தைத்து நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவர். தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் வீடு. கீழே அவர், மேல்மாடியில் மகன் குடும்பம். வாரத்தில் மூன்று நாள் இரண்டு கிழவர்களும் இயற்கைப் பூங்காவில் சந்தித்து, "என்னவே", "சொல்லும்வே" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பாவைக் கூப்பிட்டால் அவரையும் கூப்பிட வேண்டும். ஆக, நான், மனைவி, மகள், இரண்டு கிழவர்கள். மும்பை சென்ட்ரலில் ராஜதானி ஏறி டெல்லி. அங்கிருந்து ஒரு இன்னோவா.

அப்பா பெட்டியில் அந்தப் பழுப்பு உறையும் வந்திருந்தது. மனைவிதான் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

*

டெல்லி வெயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மொராதாபாத் தாண்டி பாஸ்பூர் வழியாகப் போனால், சமவெளி முடிந்து மலை எழும்பும் இடத்தில் காலாதுங்கி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பவல்கட் என்ற காட்டுப் பகுதி. நெட்டநெடுக சால மரங்கள். ஜிம் கார்பெட் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1930-ல் அவர் சுட்ட மிகப் பெரிய புலிக்கு இந்த ஊர்ப் பெயர்தான்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வழிகாட்டிப் பையன் வந்துவிட்டான். காட்டோரமாக நடந்தோம். ஒரு கேளையாடு நாய் மாதிரி குரைத்தது. புள்ளிமான் கூட்டம் ஒன்று தலைதூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போனது. அப்போதுதான் சருகுக்குள்ளிருந்து ஒரு சீட்டி. இரண்டு சுரம். முதல் சுரம் ஏறி, இரண்டாவது வெட்டி நிற்கும்.

அப்பா நின்றுவிட்டார்.

"ஏலே, இது நம்ம ஆறுமணிக்குருவில்லா? இது இங்க வந்து என்ன செய்யுது?"

நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் ஆறு மணிவாக்கில் ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிவாக்கில் ஒரு தடவை கூவும். அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் புறக்கடையில் நாரத்தை மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். மைனா அளவுகூட இருக்காது. குட்டை வால். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, தோளில் ஒரு துண்டு நீலம், கண்ணில் பட்டையாக மை. வழிகாட்டிப் பையன் மெதுவாக, "நவரங்" என்றான். ஒன்பது நிறம். ஹிந்தியில் அதுதான் அதன் பெயராம்.

நவரங் ஒரு கிளையில் ஏறி, தலையைப் பின்னால் சாய்த்து, திரும்பத் திரும்பக் கூவியது. ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி, நிறுத்தவே இல்லை. "இங்க மணி பார்க்கிறதில்ல போலிருக்கு" என்றார் மாமா.

மகள் விளக்கினாள். "தாத்தா, இதுதான் அதோட சொந்த இடம். இந்த மலையடிவாரத்திலேயும் மத்திய இந்தியாவிலேயும்தான் கூடு கட்டும். இப்போ இணை தேடுற சீசன், அதனால நாள் முழுக்கக் கூவும். மழைக்காலம் முடிஞ்சதும் குஞ்சு பெருசாகி, ராத்திரி ராத்திரியாப் பறந்து உங்க ஊருக்கு வரும். சிலது இலங்கைக்கும் போகும். குளிர் முடிஞ்சதும் திரும்பிடும்."

ஐம்பது, அறுபது கிராம் எடை. அவ்வளவு தூரம். வரும்போது களைத்துப்போய் வீட்டு முற்றங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. ஐப்பசியில் அப்படி ஒன்றை அம்மா சுளகு போட்டு மூடிக் காப்பாற்றியது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"அப்போ இவ்வளவு நாளும் நம்ம புறக்கடைதான் அதுக்கு வெளியூரா?"

எழுபத்தேழு வயதுவரை நம்மூர்க் குருவி என்று நினைத்திருந்தவருக்கு இது சின்னச் செய்தி இல்லை. மகள் சும்மா இருந்திருக்கலாம். "இன்னொண்ணு தெரியுமா தாத்தா? நம்ம போரிவலி காட்டிலேயும் இது கூடு கட்டும். ஜூன்ல போனா கேட்கலாம்" என்றாள். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பார்த்தீரா வே! பொறந்தது பம்பாய், பொழைக்கப் போனது திருநெல்வேலி. நாமதான் ரூட்டை மாத்திப் போட்டுட்டோம்."

*

காலாதுங்கியில் கார்பெட்டின் குளிர்கால வீடு இப்போது மியூசியம். பழைய சாமான்கள், புகைப்படங்கள், ஒரு நாய்க்குட்டிக் கல்லறை. புலி வேட்டைக்காரர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். எங்கள் கோஷ்டியில் எல்லோரையும் பிடித்துக்கொண்டது வேறு. 1875-ல் நைனிதாலில் பிறந்தவர். கோடைக்கு நைனிதாலில் ஒரு வீடு, குளிருக்குக் கீழே இந்த வீடு என்று வருஷா வருஷம் மலை ஏறி இறங்கியவர். 1947-ல் அக்காவும் தம்பியுமாக நைனிதால் வீட்டை விற்றுவிட்டு கென்யாவுக்குக் கப்பலேறினார்கள். 1955-ல் அங்கேயே இறந்துபோனார். அவர் பெயர் வைத்த தேசியப் பூங்கா இங்கே இருக்கிறது, அவர் அங்கே இருக்கிறார்.

அப்பா ஒவ்வொரு படத்தின் கீழும் நின்று படித்தார். வண்டியில் ஏறும்போது, "ஏழு தலைமுறைக்கும் வேணும்னு நினைச்சுத்தான் கட்டியிருப்பாரு" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து நைனிதால் ஏறி, கூட்டத்தில் நிற்காமல் கில்பரி சாலை வழியாக பாங்கோட். கருவாலியும் புரான்ஸ் மரமும் மண்டிய காடு. புரான்ஸ் என்றால் ரோடோடென்ட்ரான், சிவப்புப் பூ. ஊட்டி மலைப் பக்கம் இருப்பதும் இதன் உறவுதான். நாங்கள் போனபோது பூ முடிந்து, அதில் பிழிந்த சர்பத் மட்டும் கடைகளில் இருந்தது. பாங்கோட்டில் இரண்டு நாளில் மகள் நோட்டில் அறுபதுக்கு மேல் எழுதிவிட்டாள். நீல ஈப்பிடிப்பான், இமயமலைக் கொண்டைக்குருவி, சிரிப்பான்கள். மஞ்சள் தொண்டை மார்ட்டன் ஒன்று சமையலறைக் கூரைமேல் ஓடியது, பெரிய கீரிப்பிள்ளைக்கு யாரோ சாயம் அடித்துவிட்டாற்போல. வினாயக் என்ற பாறைச்சரிவில் சீர் என்ற நீண்டவால் காட்டுக்கோழி, நாங்கள் காலை ஐந்தரைக்கு நடுங்கிக்கொண்டு நின்றதற்குக் கூலியாக, ஐந்து நிமிஷம் தரிசனம் கொடுத்தது.

இந்த மலைகளில் காடை ஒன்று இருந்தது. இமயமலைக் காடை. கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1876-ல், நைனிதால் பக்கத்தில். அதன்பிறகு இல்லை. அழிந்துவிட்டது என்று எழுதவும் யாருக்கும் மனசு வரவில்லை, இன்னும் தேடுகிறார்கள். மகளும் புல்சரிவு ஒன்றுவிடாமல் பைனாகுலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது அல்மோரா, பின்சர். பின்சர் காட்டில் 2024 ஜூனில் பிடித்த தீயில் அணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் கருகிப் போனார்கள். கரிந்த பைன் அடிமரங்களுக்குக் கீழே புது இலை விட்டிருந்தது. எங்கள் வண்டியில் பேச்சே இல்லை.

*

வண்டி ஓட்டியவர் இந்த மலைக்காரர். பாகேஷ்வர் தாண்டியதும் ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, எதிர்ச்சரிவைக் காட்டினார். கல்பலகை வேய்ந்த பத்துப் பன்னிரண்டு வீடுகள், படிப்படியாக வயல். வயலில் பயிரில்லை, முள்.

"அதுதான் எங்க ஊர். மேலேயிருந்து மூணாவது வீடு."

யாரும் இல்லை. பிள்ளைகள் படிப்புக்காக அவர் ஹல்த்வானியில். தம்பி நம்ம அந்தேரியில் ஒரு ஹோட்டலில் சமையல். உத்தராகண்டில் இது புதுசில்லை. இதற்காகவே அரசு 2017-ல் ஓர் ஆணையம் போட்டது. 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போயிருக்கின்றன என்று அது கணக்குச் சொன்னது.

"வீட்டை வித்துடலாமே?" என்று அப்பா கேட்டார். அவருக்கு ஹிந்தி வராது. மாமாதான் தன் தாராவி ஹிந்தியில் கேட்டுச் சொன்னார்.

டிரைவர் சிரித்தார். வாங்க ஆள் வேண்டாமா? வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வ பூஜைக்கு எல்லோரும் வருவோம், மூன்று நாள் அடுப்பெரியும், அவ்வளவுதான் என்றார்.

"நாம பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போற மாதிரில்லா" என்றார் மாமா. அப்பா அந்த வளைவு மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிர்த்தி அருவியில் டீக்கு நின்றோம். தண்ணீர் விழும் பாறைமேல் மஞ்சள் வயிறும் நீள வாலுமாக ஒரு குருவி, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு. "இவன் தாமிரபரணிப் படித்துறைக்கு வருவான்லா, புரட்டாசியிலே" என்றார் அப்பா. சாம்பல் வாலாட்டி. காலில் வளையம் மாட்டிப் பார்த்ததில், வாலாட்டிகள் ஒவ்வொரு குளிர்காலமும் அதே இடத்துக்குத் திரும்பி வருவது தெரிந்திருக்கிறது. அப்பா காலை நனைத்த அதே படித்துறைக் கல்லாகக்கூட இருக்கலாம். அவருக்கு வாலாட்டியின் இன்னொரு வீடு தெரிந்துவிட்டதில் ஒரு சந்தோஷம். டீ ஆறிப்போனது.

கடைசியாக முன்சியாரி. எதிரே பஞ்சசூலி, ஐந்து சிகரங்கள், பாண்டவர்கள் சொர்க்கம் போகுமுன் கடைசியாக அடுப்பு மூட்டிய இடமாம். நானும் மகளும் மட்டும் கலியா டாப் ஏறினோம். மூச்சு வாங்கி நான் உட்கார்ந்திருந்தபோதுதான் மோனால் வந்தது. உத்தராகண்டின் மாநிலப் பறவை. மயிலைக் குறுக்கி, செம்பும் பச்சையும் நீலமும் உருக்கி ஊற்றினாற்போல் ஒரு கோழி. சரிவில் பாய்ந்து இறங்கும்போது முதுகில் வெள்ளை பளிச்சென்றது. மகள் போட்டோ எடுக்க மறந்துவிட்டாள். நல்லதுதான்.

நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டி ஜோஹார் பள்ளத்தாக்குக்காரர், ஷௌக்கா சமூகம். அந்தக் காலத்தில் கோடைக்கு மேலே மிலம் பக்கத்துக் கிராமங்கள், குளிருக்குக் கீழே இறங்கிவிடுவது. ஆடுகளின் முதுகில் மூட்டை கட்டி திபெத்துக்கு வியாபாரம் போவார்கள். 1962 யுத்தத்தோடு அது நின்றது. இப்போதும் சில குடும்பங்கள் கோடையில் ஆடுகளோடு மேலே போகின்றன. "உங்க ஊர் மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா?" என்று மாமா கேட்டார். பாட்டிக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டும்தான் என்றார்.

*

அன்று ராத்திரி குளிரில் ரஜாய்க்குள் இருந்துகொண்டு இரண்டு கிழவர்களும் பேசியது மரச்சுவர் வழியாகக் கேட்டது.

"நான் கையெழுத்துப் போடப்போறதில்ல வே. புரட்டாசியிலே போயி தை, மாசி வரைக்கும் அங்க இருக்கேன். வெயிலுக்கு இங்க வந்திருதேன். ஓட்டை மட்டும் மாத்தணும்."

"நீரு செய்யும். உமக்கு ரெண்டு ஊரு இருக்கு. எனக்குப் பத்துக்குப் பத்துல ஒண்ணுதான், அதையும் அளந்துட்டுப் போயிருக்கானுவ."

தாராவி மறுசீரமைப்பு விதி அதுதான். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். மேல்மாடிக்காரர்களுக்கு தாராவிக்கு வெளியே எங்கோ. மாமா உள்ளே, மகனும் பேரனும் வெளியே. ஒரு ஏணி தூரத்தில் இருந்த குடும்பம். இதை மாமா எங்களிடம் அதுவரை சொன்னதே இல்லை. ஊரில் அவருக்கு இருந்த பங்கு வீட்டை எழுபதுகளிலேயே தங்கை கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் அப்பா குரல்: "நாரத்தை மரத்துப் பக்கம் ஒரு ரூம் இருக்குல்லா. மார்கழிக்கு நீரும் வாரும்."

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னது நான்தான். அவனுக்குக் கோபம். நியாயமான கோபம்தான்; அந்தப் பணத்தை நம்பி அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஓடு மாற்றும் செலவில் பாதி நான் தருகிறேன் என்றபிறகு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறான்.

போக நினைப்பவர்களுக்கு: நவரங் பார்க்க மே கடைசி, ஜூன் முதல் வாரம். பனிச்சிகரம் தெளிவாக வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், நிலச்சரிவு. வயசானவர்கள் இருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியில் வேண்டாம்; வளைவுகள் குடலைப் புரட்டும். எலுமிச்சையும் இஞ்சிமிட்டாயும் கையில் இருக்கட்டும். பறவைக் குரலை மொபைலில் போட்டுக் கூப்பிடும் வழிகாட்டிகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூடு கட்டும் நேரத்தில் அதற்குத் தொந்தரவு. சாப்பாட்டுக்குக் கவலையில்லை, சோறும் பருப்பும் எங்கும் கிடைக்கும். ஊறுகாய் மட்டும் மாட்டுங்காவில் வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்பா புரட்டாசியில் ஊருக்குப் போனார். ஐப்பசி முதல் வாரத்தில் காலை ஆறேகாலுக்குப் போன். "வந்தாச்சு. நாரத்தை மரத்தடியிலே நிக்கி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மார்கழியில் மாமா போய் இருபது நாள் இருந்துவிட்டு வந்தார்.

இப்போது மாமா பார்க்கும்போதெல்லாம் என்னைக் கேட்பது ஒன்றுதான். "ஏலே, போரிவலியிலே அது எப்பம் கூவும்? ஒரு ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போ."

ஜூன் வரட்டும் மாமா.